ரீப்பர்பான், மூன்றரை மணி நேரம்

சஜின் கடையில் முடிவெட்ட உட்கார்ந்ததும்
"லேய் மக்கா, ஹாம்பர்க்குல அந்தத் தெரு…"
என்றான்.
கத்தரி நின்றுவிட்டது.
பெஞ்சில் பேப்பர்கள் தாழ்ந்தன.

சிவப்பு விளக்கைச் சொன்னேன்,
பெயின்ட் வாளி அளவு பீர்க் குவளையைச் சொன்னேன்,
நடக்காததையும் கொஞ்சம் சேர்த்தேன்.
பத்து மாதம் கடலில் கிடந்தவன்
வெறுங்கையோடு வந்தால் நன்றாகவா இருக்கும்?

கரையிறங்க விட்டதே மூன்றரை மணி நேரம்.
அதில் பாதி உருளைக்கிழங்கு வறுவலுக்கு வரிசை.
மழை. சாக்ஸ் நனைந்து ஷூவுக்குள் பிசுபிசுத்தது.
ஒரு வாசலில் தடித்த கோட்டு போட்டவள்
எந்த ஊர் என்று கேட்டாள்.
போனில் இந்தியாவை இழுத்து இழுத்து
குளச்சலைக் காட்டினேன்.
விரலால் இன்னும் கீழே தள்ளிப் பார்த்தாள்.
"இதுக்கப்புறம்?"
"தண்ணிதான்."
தன் ஊரையும் காட்டினாள், கருங்கடல் ஓரம்.
அங்கேயும் இப்போது மீன் குறைவாம்.
அதற்குள் யாரோ வந்தார்கள்,
சிரிப்பை எடுத்து மாட்டிக்கொண்டு திரும்பினாள்.

"பெறவு?"
சஜின் கத்தியைத் துடைத்தபடி நிற்கிறான்.

பெறவென்ன,
கிருதாவைக் கொஞ்சம் ஏத்தி வை.
நாளைக்கு ஜெனோபா அண்ணனுக்குக் கல்யாணம்.