அறுபது மில்லி

மாதம் இரண்டு செவ்வாய் எனக்குக் கடை இல்லை.
லூட்டன் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில்
சிங்கத்துக்கும் ஒற்றைக்கொம்புக் குதிரைக்கும் கீழே
மூன்று நாற்காலிகளில் இடது ஓரத்து நாற்காலி.
சம்பளம் கிடையாது. பார்க்கிங் காசு திரும்பக் கிடைக்கும்.

நடுவில் ஹஃப்டன், பேருந்துப் பணிமனையில் ஓய்வு பெற்றவர்,
பட்டியலை டைம்டேபிள்போல் பார்க்கிறார்:
மதியச் சாப்பாட்டுக்குள் பத்தொன்பது.
காப்பீடில்லாத வேன். அவிழ்த்துவிட்ட நாய்.
உடைந்த ஜன்னல்; உடையவர் வரவில்லை, தள்ளிவை.
டிக்கெட் எடுக்காமல் பெட்ஃபோர்டுவரை போன பையன்
மன்னிக்கணும் என்று மூன்று முறை சொல்லி
மூன்றாம் முறை சிரித்துவிட்டான்.
ஒப்புக்கொண்டால் மூன்றில் ஒரு பங்கு தள்ளுபடி.
என் கடையில்கூட அப்படியொரு சலுகை இருந்ததில்லை.

தராசு எங்கேயும் காணோம்.
ஒன்று என்னிடம் இருக்கிறது, மருந்து அலமாரிக்குப் பின்னால்,
எடைக்கற்களோடு, தூசி மூடி.

பதினோராவது பெயரைக் கூப்பிடுகிறார்கள்.
கண்ணாடிக் கூண்டுக்குள் வந்து நிற்கிறவனின் பிறந்த தேதி
அவன் சொல்லுமுன் எனக்குத் தெரியும்.
அறுபது மில்லி, பச்சை, தினமும் ஒன்பதே காலுக்கு.
ஷான் மெட்காஃப். ஆறு பாக்கெட் சால்மன் மீன்,
கோட்டுக்குள் ஒளித்தது.
என்னைப் பார்த்தான். உடனே, பார்க்காததுபோல்,
தரையைப் பார்த்தான். அந்த மரியாதை
என் முகத்தில் சுட்டது.

முன்னால் இருந்த சட்ட ஆலோசகரிடம் ஒரு சீட்டு நீட்டினேன்:
இவரை அறிவேன். எப்படி என்று எழுதவில்லை.
அவள் தலையசைத்தாள். சட்டத்துக்கு இருவர் போதும்.
நான் வெளியே நடையில், காபி எந்திரத்துக்கு எதிரே
பன்னிரண்டு நிமிடம் நின்றேன்.
ஒரு வழக்குக்கு அதுவே தாராளம்.
தடித்த கதவு. ஒரு சொல்லும் கசியவில்லை.
திரும்பி உட்கார்ந்தபோது வேறொருவர், சீட் பெல்ட்.
ஹஃப்டன் சொல்லவில்லை. நான் கேட்கவில்லை.

புதன். ஒன்பதே கால். மழை.
சின்ன அறையில், கோட்டைக் கழற்றாமல், ஷான்.
கோடு தொடும்வரை அளந்து ஊற்றினேன்,
ஒரு துளி கூடாமல், குறையாமல்.
இதில் எனக்குப் பழக்கம் உண்டு.
குடித்தான். மேலே தண்ணீர் குடித்தான்.
அடுத்து, விதிப்படி, ஏதாவது பேச வேண்டும்,
வாயில் ஒதுக்கி வெளியே கொண்டுபோய் விற்காமல்
விழுங்கிவிட்டான் என்பதற்கு.
வழக்கமாகச் சொல்வது "குளிர்".
இல்லையென்றால் "சனிக்கிழமையும் தோத்துட்டாங்க".

இன்று வாயைத் துடைத்துக்கொண்டு
என் முதுகுக்குப் பின்னால் இருமல் மருந்துகளிடம் சொன்னான்:
"எண்பது பவுண்டு. வாரம் அஞ்சு."

சரி என்றேன்.
விழுங்கியாயிற்று என்று
கையெழுத்துப் போட்டேன்.