பற்று வரவு

பொருள் என்று எழுதி
முக்காற்புள்ளி வைத்துவிட்டு
நாலு மாதமாய் நிற்கிறேன், சேவுகா.
நீ வைத்திருந்த வடிவம்தான்:
பெறுநர், பொருள், பார்வை,
பிறகு ஐயா, ஒரு காற்புள்ளி.
அந்தக் காற்புள்ளிக்கு அப்புறம்
அழக்கூடாது என்பாய்.
"மனுவுல கண்ணீர் இருந்தா
தாசில்தார் தேதியத் தேடமாட்டார்."

செக்காலை ரோட்டில்
எம்எல்ஏ அலுவலகத்தின் பின்னறை.
முன்னறையில் அவருக்குச் சுழல் நாற்காலி.
உனக்கு ஒரு கால் குட்டையான ஸ்டூல்.
பழைய வாக்காளர் பட்டியலை மடித்து
முட்டுக் கொடுத்திருந்தாய்.
"தொகுதியே என்னத் தாங்குது" என்று
ஆடாமல் உட்கார்ந்து சிரிப்பாய்.

நகைக்கடை தந்த சிவப்பு அட்டைப் பேரேட்டில்
இடப்பக்கம் பற்று
வலப்பக்கம் வரவு.
மனுக்களுக்கு எதற்கடா இது என்றேன்.
"ரங்கூன் வரைக்கும் கடன் கொடுத்து
கணக்கு எழுதின ஊரு இது.
நாம கடன் வாங்குனவங்க.
வாங்குனது ஓட்டு.
வட்டியாவது கட்டணும்ல?"

பள்ளத்தூர் சிட்டாள்,
விதவை உதவித்தொகை, பதினோரு மாதம்.
புதுவயல் மில்லின் கரி
கொடியில் காயும் துணியில் விழுகிறது,
ஆதாரமாக வெள்ளைச் சட்டை ஒன்று
இணைக்கப்பட்டுள்ளது.
(அந்தச் சட்டை இன்னும் பீரோவில் இருக்கிறது.
துவைக்கக்கூடாது என்று
சீட்டு ஒட்டியிருக்கிறாய்.)

நீ ஒன்றும் உத்தமன் இல்லை.
அடுத்த அறையில் அவர் குறட்டை விட
ஐயா சென்னையில் இருக்கிறார் என்று
போனில் கூசாமல் சொல்வாய்.
நாற்பது நிமிடப் பேச்சில்
ஒரு வாக்குறுதியும் சிக்காமல்
எழுதித் தருவாய்.
டீ ஆறினால் என்மேல் எரிந்து விழுவாய்.
அன்று மாலையே
அந்தப் பொய்க்கு உரியவரைத் தேடி
கோட்டையூருக்கு டிவிஎஸ்ஸில் போவாய்,
பெட்ரோல் உன் காசு.

கூட்டத்தொடர் முடியட்டும் என்றாய்
கண் மஞ்சளானபோது.
மானியக் கோரிக்கை முடியட்டும் என்றாய்
சோறு இறங்காதபோது.
மதுரை பெரியாஸ்பத்திரியில் படுக்கை கேட்டு
எத்தனை பேருக்குக் கடிதம் எழுதியிருப்பாய்.
உனக்கு ஒன்று எழுத வேண்டிய ராத்திரியில்
லெட்டர்பேடு பீரோவில்,
பீரோச் சாவி உன் இடுப்பில்,
நீ ஆம்புலன்ஸில்
திருப்பத்தூர் தாண்டிக்கொண்டிருந்தாய்.
பூட்டை உடைத்தோம்.
பார்வையில் காணும் மனுதாரர் என்று தொடங்கி
உன் பெயரை எழுதினேன்.
தேதி போட மறந்துபோனேன்.

கண்ணீர் அஞ்சலி பேனரில்
அவர் படம் உன்னைவிடப் பெரிது.
அது கிடக்கட்டும்.
சேவகமூர்த்தி என்று அடித்திருந்தார்கள்.
ஒற்று விட்டால்கூட
ஃப்ளெக்ஸ் கடையையே உலுக்குகிறவன் நீ,
பேசாமல் சிரித்துக்கொண்டிருந்தாய்.
ஸ்டூலைக் கொண்டுபோய்ப் போட்டு ஏறி
மார்க்கரால் அந்த உகரத்தை நான்தான் போட்டேன்.
எதிர்க்கட்சி வட்டச் செயலாளர் முருகப்பன்
ஸ்டூல் ஆடாமல் பிடித்துக்கொண்டார்.
"நல்லா சண்டை போடுவான்" என்றார்.
வேறு எதுவும் சொல்லவில்லை.

போன வாரம் ஓர் உத்தரவு வந்தது.
பேரேட்டில் நூற்று அறுபத்து மூன்றாம் எண்,
நீ ஏழு முறை எழுதியது.
காலை ஏழு நாற்பது பேருந்து
இனி ஊருணிப்பட்டி விலக்கில் நிற்கும்.
அவர் கொடி அசைத்தார். படம் எடுத்தார்கள்.
மறுநாள் யாரும் இல்லாதபோது
நான் தனியாகப் போய் நின்றேன்.
பேருந்து நின்றது.
கல்லூரிப் பெண்கள் ஒன்பது பேர்,
ஒருத்தி வாயில் ரிப்பனைக் கடித்தபடி
ஓடிவந்து ஏறினாள்.
"படியில நிக்காத" என்று அதட்டினார் கண்டக்டர்.
உன்னை அங்கே யாருக்கும் தெரியாது.

வலப்பக்கத்தில் தேதி எழுதிவிட்டேன்.
இன்னும் இருநூற்றுச் சொச்சம் பற்றில் நிற்கிறது.
உன் போன் என்னிடம்தான், சார்ஜில்.
இப்போதுகூட அடிக்கிறது.
சேவு தம்பியா என்கிறது
கண்டனூர்ப் பக்கத்துக் குரல் ஒன்று.

ஐயா,