பள்ளிகொண்டா, காலை 5.40

தண்ணீர் காணாத பாலாறு
மார்கழிப் பனியால் இருகரை புரண்டு
நெடுஞ்சாலையில் ஏறிவிட்டது.

சுங்கச்சாவடி தாண்டி முந்நூறு மீட்டரில்
ஓரம்கட்டி நின்றுகொண்டது கார்.
முன்னால் சுவர் என்கிறது திரை.
கண்ணாடி இறக்கிக் கைநீட்டினேன்.
சுவர் ஈரமாக இருந்தது,
விரலுக்கு வழிவிட்டது.

இறங்கி, கூரையில் சுழலும் கண்ணைக்
கைக்குட்டையால் துடைத்தேன். மூன்றாம் முறை.
நான் வந்து உட்காருவதற்குள்
அதற்கு மறுபடி வியர்த்துவிட்டது.
பின்சீட்டில் ஜுபைதா தட்டினாள்:
தடை. வகை தெரியவில்லை.

சுவருக்குள்ளிருந்து ஒரு மொபெட்,
இரண்டு பால்கேன், காதைச் சுற்றி மப்ளர்,
எதிர்த்திசையில், விளக்கில்லாமல்.
"ரிப்பேரா சார்?"
பதிலுக்கு நிற்கவில்லை.

அடுத்து ஆம்பூர் பஸ்,
ஹாரனையே விளக்காகப் பிடித்துக்கொண்டு
எண்பதில் போனது.
அந்த டிரைவருக்கு என்ன தெரிந்திருக்கும்?
பதினாறு வருடம் நான் ஓட்டியபோது தெரிந்ததுதான்:
வைப்பர். அதற்கப்பால் வெள்ளை.
முன்னே போகிறவனின் சிவப்புப் புள்ளி,
அவனுக்கு முன்னே எவனோ.

இத்தனை பேரில்
தெரியவில்லை என்று நின்றது இது ஒன்றுதான்.

ஜுபைதாவின் படிவத்தில் அதற்கு ஒரே கட்டம்.
தோல்வி.
டிக் அடித்தாள்.
நான் நான்கு விளக்கையும் சிமிட்டவிட்டு
பிளாஸ்க்கைத் திறந்தேன்.