அறுநூற்றுப் பன்னிரண்டு

காலை ஏழரைக்கு ஆபிரகாம் ஃபோர்ச்சூன்
கொட்டகைக் கதவை முழங்காலால் தள்ளுவார்.
கையில் காப்பி இருக்கும்.
முதலில் கழுத்துகள்.
அலமாரிப் பாட்டில்கள் எழுந்து நடந்தால் எப்படியோ
அப்படி
அறுநூற்றுப் பன்னிரண்டு ஓட்ட வாத்துகள்
ஸ்டெல்லன்போஷ் மண்பாதையில்
திராட்சை வரிசைகளுக்குப் போகும்.

அன்னநடை என்று
மனசாட்சி உள்ளவர் எவரும் சொல்ல மாட்டார்.
பஸ் கிளம்பிவிட்டதைத்
தூரத்திலிருந்தே பார்த்துவிட்டவர்களின் நடை.
பாலையும் நீரையும் பிரிக்கத் தெரியாது.
நத்தையையும் தளிரையும் பிரிக்கத் தெரியும்.
அதற்குத்தான் சம்பளம்:
ஒரு குளம், கொஞ்சம் சோளம்,
காட்டுப்பூனை நுழையாத கம்பி.

இனம்: இந்தியன் ரன்னர்.
இந்தியாவைக் கண்டதில்லை.
ஜாவாப் பக்கத்துத் தீவுகளில் நடந்து பழகிய கூட்டம்;
யாரோ ஒரு கப்பல்காரன்
அவசரத்தில் எழுதிய பெயராக இருக்கும்.
படிவங்களில் எனக்கும் அதே கட்டம்தான்.
பிறந்தது டொங்காட்டில்,
கணக்கெழுத வந்தது இங்கே.
'உன் ஆட்கள் வரிசை தவறுவதில்லை, சரோஷ்னி'
என்பார் ஆபிரகாம், தினமும்,
தினமும் புதிதாகச் சிரித்து.

மாலையில் அவர் எண்ணுவார், நான் எழுதுவேன்.

அக்டோபரில் ஒரு வியாழன்.
வரிசையின் வாலில் ஒன்று வந்தது.
கண்ணைச் சுற்றிப் பழுப்பு வளையம்,
மார்பில் காப்பி சிந்திய கறை.
எகிப்திய வாத்து.
(அதுவும் எகிப்தை அறியாது,
கீழ் அணையில் பொரித்தது.)
கழுத்தை முடிந்த மட்டும் நிமிர்த்திக்கொண்டு,
பள்ளிச் சீருடை மாட்டிய தாய்மாமன் போல
நேரே பார்த்தபடி உள்ளே போனது.
'அறுநூற்றுப் பன்னிரண்டு' என்றார் ஆபிரகாம்.
கதவு சாத்தியாயிற்று.

எழுதினேன்.
கணக்கு நேராக இருந்தது.
அதனால்தான் சோறு இறங்கவில்லை.

டார்ச், ரப்பர் பூட்ஸ்.
செனின் பிளாங்க், முதல் வரிசை, இரண்டாம் வரிசை.
கூப்பிட அவற்றுக்குப் பெயரில்லை.
பா, பா என்றேன்,
கோழிக்குச் சொல்வதை.
பதினாலாம் வரிசையில்
சொட்டுநீர்க் குழாய் கசியும் இடத்தில்
வயிறு வரை சேற்றில் நின்று
தின்றுகொண்டிருந்தாள்.
தொலைந்த முகமே இல்லை.
ஓவர்டைம்.
தலையை ஒரு பக்கம் சாய்த்து ஒற்றைக் கண்ணால்
டார்ச்சைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்,
அடுத்த நத்தையைப் பார்த்தாள்.

அக்குளில் இடுக்கிக்கொண்டு நடந்தேன்.
அவளுடைய அவசரம் முழுவதும்
என் விலாவில் அடித்துக்கொண்டே வந்தது.

கொட்டகை நடுவில்
இறகுக்குள் அலகைச் செருகி எகிப்து தூங்கியது.
சுற்றிலும் நெருக்கியடித்து
இந்தியா, இந்தியா, இந்தியா.
அவளை இறக்கிவிட்டேன்.
ஒரு வசவு, கொஞ்சம் நகரல்,
இடம் கிடைத்துவிட்டது.
அறுநூற்றுப் பதின்மூன்று.
பதிவேட்டை நான் திருத்தவில்லை.

காலையில் கதவு திறந்ததும்
அது இரண்டடி நடந்தது.
மூன்றாம் அடியில் காற்றை மிதித்தது.
சிறகுக்குள் மடித்து வைத்திருந்த வெள்ளை
சட்டென்று விரிந்து
கொடிகளுக்கு மேலே, மலைப் பக்கம்.

இவற்றுக்குப் பறக்க வராது.
வரிசை நின்றது.
அத்தனையும் தலை சாய்த்து
ஆளுக்கொரு கண்ணை வானத்துக்குக் கொடுத்தன.
ஆபிரகாம் கூட எண்ணவில்லை.
எவ்வளவு நேரம் என்று எழுத
என் பதிவேட்டில் கட்டம் கிடையாது.

பிறகு முன்னால் நின்றது
ஒரு நத்தையைக் கண்டது.