மெடில்

வினைத்திறன் தடைப் பரீட்சைக்கு ஆங்கிலம் வேணும்.
செவ்வாயும் வியாழனும் கச்சேரி விட்டு
உவர்மலை ஏறுவேன்.
பார்த்தலொட் மிஸ் என்னைவிடப் பதினொரு வயது இளையவ.
அன்றைக்குப் பலகையில் ஒரு வினைச்சொல்:
மெடில்.

பதக்கம் என்று எழுதிவிட்டேன்.
கிண்ணியா பஸ்மியா எட்டிப் பார்த்துச் சிரித்தா.
அடுத்தவர் அலுவலில் தலையிடுவதாம்.

எங்களுக்கு இதற்கு ஒரு உடம்பே வேண்டும்.
தலையை இடவேணும், மூக்கை நுழைக்கவேணும்,
வாயைக் கொடுக்கவேணும்.
இங்கிலீசுக்காரருக்கு உதடு ஒருக்கால் ஒட்டிப் பிரிந்தால்
வேலை முடிந்தது.
பஸ் நிலையத்து மான்கள்தான் எங்கள் பக்கம்:
சோற்றுப் பார்சல் பைக்குள்
கொம்போடு தலையிட்டுவிட்டு
எடுக்கத் தெரியாமல் நிற்கும்.

வாக்கியம் அமைக்கச் சொன்னா.
பஸ்மியாவின் வாக்கியத்தில் மாமி.
தபால் கந்தோர் தர்மபாலனுக்கு அமெரிக்கா.
ஒருவரும் 'நான்' என்று தொடங்கவில்லை.

ஐ டிட் நொட் மெடில்
என்று எழுதினேன்.
டிட் வந்தால் வினை மாறாது, அது தெரியும்.
பின்னால் வருவது இன்னா, வித்தா?
தெரியவில்லை. முற்றுப்புள்ளி வைத்தேன்.

பின்னால் வரவேண்டியது
பங்குனியில் மூன்று இரவு.
பொதுச்சுவர்.
அம்மியை நகர்த்துகிறார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன்.
அம்மி அழாது என்பது பிறகுதான் நினைவு வந்தது.
டிவிச் சத்தத்தைக் கூட்டினேன்.
குடும்பம் என்றால் அப்படித்தான், என்றார் இவர்,
சானலை மாற்றச் சொல்லி.
நாலாம் நாள் காலை
சுகிர்தமலர் வாசலில் பூட்டு,
ஒற்றைச் செருப்பு,
கொடியில் இன்னும் காயாத ஒரு பள்ளிச் சட்டை.

மிஸ் சிவப்புப் பேனாவால் சரி போட்டா.
குட் என்றும் எழுதினா.

ஆனியில் அந்த வீட்டுக்கு
புதுசாய் ஒரு சோடி வந்தது.
பொடிச்சி வாளியோடு வந்து
தண்ணி எத்தனை மணிக்கு வரும் என்று கேட்டா.
அஞ்சரைக்கு. ஏழுக்கு நிண்டிடும்.
சரியென்று திரும்பினா.

பிள்ளை, என்றேன்,
இந்தச் சுவர் மெல்லிசு. எனக்கு எல்லாம் கேட்கும்.

முகம் சுருங்கிப்போச்சு.
நாங்கள் சத்தம் போடமாட்டம் அன்ரி, என்றா.

போடுங்கோ, என்றேன்.