ஓரம் ஓர் அங்குலம்

நான்கு பக்கமும் ஓர் அங்குலம் வெள்ளை.
மேலே நிறுவனத்தின் முத்திரை, இரண்டு வரி விட்டுத் தேதி,
இன்னும் இரண்டு விட்டு முகவரி.
எல்லா வரியும் இடது சுவரில் முதுகு சாய்த்து நிற்க வேண்டும்.
பத்தி தொடங்கும்போதுகூட உள்ளே தள்ளக் கூடாது.
வின்னிபெக், போர்ட்டேஜ் அவென்யூ, ஆறாவது மாடி.
வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
குழாய்கள் வெடிக்கிற மாதம்.
குழாய் வெடித்தால் எங்களுக்குக் கடிதம் கூடும்.

நான் கடிதம் எழுதுகிறவள் இல்லை.
டொரீன் ஃப்ரீசன் சொல்கிறாள். நான் அதற்குச் சட்டை மாட்டி,
பொத்தான் போட்டு, தலை வாரி அனுப்புகிறேன்.
கடைசியில், இணைப்பு என்ற சொல்லுக்கும் மேலே,
எங்கள் இருவரின் முதலெழுத்துகள்:
சொன்னவளுக்குப் பெரிய எழுத்து, ஒரு சாய்கோடு,
அடித்தவளுக்குச் சின்ன எழுத்து.
இங்கே எழுதிக் காட்டலாமென்றால் வழியில்லை.
தமிழில் எழுத்துக்குப் பெரியது சின்னது கிடையாது.
குறில் நெடில் உண்டு, அது மூச்சின் கணக்கு.
ஒன்பது வருடமாகச் சின்ன எழுத்தில் இருக்கிறேன்.
புகார் இல்லை, சம்பளம் தேதிக்கு வந்துவிடுகிறது.

செவ்வாய்க்கிழமை வந்தது பிரிஸ்டுபா கோப்பு.
செல்கர்க் அவென்யூ வீடு, நிலவறை முழுக்கத் தண்ணீர்,
பிறகு பனிக்கட்டி.
வீடு பதினொரு நாள் ஆளில்லாமல் இருந்தபடியால்
இழப்பீடு வழங்க இயலாமைக்கு வருந்துகிறோம்.
அந்தப் பதினொரு நாளும் அவர்கள் எங்கே இருந்தார்கள்
என்பது கோப்பில் ஒட்டிய மஞ்சள் துண்டுச்சீட்டில் இருக்கிறது:
மருத்துவமனையின் பெயர், வார்டு எண்.
கடிதத்தில் அதற்கு இடம் ஒதுக்கவில்லை.

பெறுநர் வரியில் பழைய அச்சு:
திரு. ஓரெஸ்ட் மற்றும் திருமதி ஓல்ஹா பிரிஸ்டுபா.
முதல் மூன்று சொல்லையும் டொரீன் பென்சிலால் வட்டமிட்டிருந்தாள்.
அழித்தேன்.
மிச்சப் பெயர் இடது பக்கம் நகர்ந்து வந்து
அந்த இடத்தில் நின்றுகொண்டது.
இமைக்கிற நேரம்கூட ஆகவில்லை.

கடிதம் ஒரே பக்கத்தில் முடிய வேண்டும், அது டொரீன் சட்டம்.
ஒரு வரி மட்டும் தவறி இரண்டாம் பக்கம் போய்விட்டது:
இம்முடிவை மறுபரிசீலனை செய்யக் கோரும் உரிமை தங்களுக்கு உண்டு.
இப்படி ஒற்றையாய்ப் பக்கம் தாண்டி விழும் வரிக்கு
அச்சுக்காரர்கள் வைத்த பெயர் விதவை.
நான் வைத்ததில்லை. அதைத் தடுக்க
மென்பொருளில் ஒரு கட்டமே இருக்கிறது, டிக் அடித்தால் போதும்.

"அந்த வரியை எடுத்துவிடு" என்றாள் டொரீன்,
சாப்பிடப் போகக் கோட்டை மாட்டிக்கொண்டே.
"கையேட்டில்தான் இருக்கிறதே."
கையேடு நாற்பது பக்கம். எழுத்து எறும்பு.

ஓரத்தை ஓர் அங்குலத்திலிருந்து முக்காலாக்கினேன்.
எழுத்தைப் பன்னிரண்டிலிருந்து பதினொன்றரை.
வருந்துகிறோம் இரண்டு முறை வந்திருந்தது,
ஒன்றைக் கழித்தேன், ஒரு வருத்தம் போதும்.
வரி மேலே ஏறி வந்து
இங்ஙனம் என்பதற்கு முன்னால் ஒண்டிக்கொண்டது.
ஓரவஞ்சனை என்பார்களே,
நான் அதை நிஜமாகவே ஓரத்தில் செய்தேன்.

டொரீன் திரும்பி வந்து நீல மையில் கையெழுத்திட்டாள்.
அளந்து பார்க்கவில்லை.
பேனா அந்த வரிக்கு நேரே ஒரு கணம் நின்றது போலவும் இருந்தது.
நான் கேட்கவில்லை.

மூன்று வாரம் கழித்துப் பதில்.
கோடு போட்ட தாள், இரண்டு பக்கமும்.
தேதி இல்லை, கோப்பு எண் இல்லை, பொருள் என்று ஒரு வரி இல்லை.
வார்டில் ஜன்னல் எந்தப் பக்கம் இருந்தது என்று தொடங்குகிறது.
விளிம்பிலிருந்து விளிம்பு வரை எழுத்து, ஓரமே விடவில்லை.

ஸ்கேனரில் வைத்தேன்.
இயந்திரம் தன் பங்குக்கு நாலு பக்கமும் கொறித்தது,
ஒவ்வொரு வரியிலும் முதல் சொல்லில் பாதி இல்லை.
மறுபடி வைத்தேன், தொண்ணூற்று நான்கு விழுக்காடு.
இப்போது எல்லாம் உள்ளே இருக்கிறது,
கொஞ்சம் சின்ன எழுத்தில்.