அழைக்கப்படும்போது

மணி இரண்டு பத்து.
மொன்டானாவின் பனி வெளியே
ஆறு பேருந்துகளின் கண்ணாடியில் ஏறியிருக்கிறது.
என்ஜினை யாரும் அணைக்கவில்லை.
அணைத்தால் விடிவதற்குள் டீசல் கூழாகிவிடும்.

கர்னல் வோய்டோவிச் என் மேசைமேல்
தொப்பியைக் கவிழ்த்து வைத்தார்.
"தலைநகரிலிருந்து போன். அதிபர் விரும்புகிறாராம்.
புறப்படலாமா, டொலெஃப்சன்? ஒரே சொல்."

சீருடை இல்லாத நாட்களில் நான் வாய்க்கால் வக்கீல்.
யார் மடையை யார் எந்த மாதம் திறக்கலாம்
என்பதிலேயே பதினோரு வருடம்.
மில்க் ஆற்றங்கரையில் படித்த பாடம் ஒன்று உண்டு:
மதகின் சாவி ஒருவர் கையில்தான் இருக்கும்,
ஆறு அவருடையதாக இருக்காது.

ஒரு சொல் என்னிடம் இல்லை, சார்.
ஒரு வாக்கியம் இருக்கிறது,
காபிக் கறை படிந்த இந்தச் சின்னப் புத்தகத்தில்.
தரைப்படைக்கும் கடற்படைக்கும் அதிபரே தலைமைத் தளபதி.
அதுவரை தடங்கலில்லாமல் ஓடுகிறது.
பிறகு, மாநிலங்களின் குடிப்படைக்கும்,
அங்கே காலை இடறும் ஒரு சொல்:
நாட்டின் பணிக்கு அழைக்கப்படும்போது.

அந்தப் 'போது'வில்தான் நிற்கிறோம்
நூற்று எண்பத்தாறு பேர், முதுகுப் பையோடு.
பல் மருத்துவமனையில் எக்ஸ்ரே எடுப்பவள்,
சரக்கு ரயிலில் பெட்டி கோக்கிறவன்,
இன்னும் மீசை முளைக்காத லெலண்ட் ஸ்னெல்.

அழைக்கும்வரை ஆளுநரின் படை.
அழைத்தபின் அதிபரின் படை.
உறுதிமொழியில் இருவரும்
ஒரே மூச்சில் வருகிறார்கள்.
கையை உயர்த்திச் சொல்லும் நாளில்
போட்டோவுக்கு நேராக நிற்பதில்தான் கவனம்.

"ஒரே உறையில் இரண்டு கத்தி என்கிறாயா?"
"இல்லை சார். கத்தி ஒன்றுதான். உறைதான் இரண்டு.
மாற்றுவதற்கு ஒரு தாள் வேண்டும்."

அவர் சிரிக்கவில்லை.
"அவர் தளபதி. தளபதி விரும்பினால் ஆணை."

பக்கத்தைப் பின்னோக்கிப் புரட்டினேன்.
அதிபரைப் பற்றி எழுதத் தொடங்குமுன்பே
எழுதி முடித்துவிட்டார்கள்:
போரை அறிவிப்பது அவை. படை திரட்டுவது அவை.
குடிப்படையை அழைக்க விதி செய்வதும் அவை.
தரைப்படைக்குப் படியளப்பதும் அவைதான்,
அதுவும் ஒருசேர இரண்டாண்டுக்கு மேல் அளக்கக் கூடாது.
ஒரு ராஜாவை அப்போதுதான் அனுப்பிவைத்தவர்கள் எழுதியது.
வாள் ஒருவரிடம், களஞ்சியம் வேறொருவரிடம்.
இருவருக்கும் தூக்கம் வராதபடி பார்த்துக்கொண்டார்கள்.

கர்னல் புத்தகத்தை வாங்கினார்.
இரண்டு முறை ஈராக்கில் இருந்த மனிதர்.
மூக்குக்கண்ணாடிக்காகச் சட்டைப் பையைத் தடவிய விரல்கள்
அந்தப் பக்கம் அவருக்குப் புதிது என்றன.
"அவருடைய அதிகாரம் மொத்தமும் இந்தக் காகிதமா?"
"இந்தக் காகிதம்தான் சார்.
நீங்கள் எனக்கு மேலே என்பதும் இதில்தான்."

மூன்று நாற்பது. கதவில் லெலண்ட்.
"போகிறோமா, மேடம்? வீட்டில் ஒரு மாடு
இன்றைக்கோ நாளைக்கோ கன்று போடும். அண்ணனுக்குச் சொல்லணும்."
கர்னல் என்னைப் பார்த்தார். நான் கடிகாரத்தைப் பார்த்தேன்.

ஐந்து மணிக்கு இயந்திரம் ஒரு தாளை நீட்டியது.
சட்டப் பிரிவு. காரணம். நாட்கள் முப்பது.
ஆளுநர் வழியாக என்று ஒரு வரி. கையெழுத்து.

நான் குறை தேடினேன், மறைக்க மாட்டேன்.
வாய்க்கால் பத்திரத்தில் தேடுவது போல, எழுத்தெழுத்தாக.
அந்த நகரத்தில் என் தங்கை இருக்கிறாள் என்பதால்
இன்னும் இரண்டு முறை.

குறை இல்லை.

'சட்டப்படி செல்லும்' என்று எழுதிக் கையெழுத்திட்டேன்.
'சரி' என்று எழுதவில்லை.
படிவத்தில் அதற்குக் கட்டம் இல்லை.

கர்னல் தொப்பியை எடுத்துக்கொண்டார்,
புத்தகத்தையும். நான் கேட்கவில்லை.

பேருந்துகள் நின்ற இடத்தில்
பனியில்லாத ஆறு கறுப்புச் சதுரங்கள்.
காலண்டரில் முப்பதாம் நாளைத் தேடினேன்.
ஞாயிற்றுக்கிழமை.
வட்டமிட்டேன்.